முதல் ரோடு பைக்: அளவான தொகையில் எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: இதுவரை சாதாரண சைக்கிள்தான் ஓட்டியிருக்கிறேன். இப்போது வளைந்த ஹேண்டில்பார் உள்ள ரோடு பைக் ஒன்று வாங்க விரும்புகிறேன். வேலைக்குப் போய் வரவும், விடுமுறை நாள்களில் ஐம்பது அறுபது கிலோமீட்டர் ஓட்டவும் அது பயன்பட வேண்டும். அதிகம் செலவழிக்க இயலாது. ஏறக்குறைய ஒரே விலையில் மூன்று சைக்கிள்களைப் பார்த்தேன்: ஒன்று எடை குறைவு, இன்னொன்றில் கியர்கள் அதிகம், மூன்றாவதில் டிஸ்க் பிரேக். எதற்கு முதலிடம் கொடுப்பது?

பதில்: இம்மூன்றுக்கும் முன்பாக, உங்கள் உடலுக்குப் பொருந்தும் அளவுக்கு முதலிடம் கொடுங்கள். பணம் குறைவாக இருக்கும்போது, பிற்பாடு மாற்றிக்கொள்ளக் கூடியவை எவை, மாற்றவே முடியாதவை எவை என்று பிரித்துப் பார்ப்பது அவசியம். டயர் தேய்ந்தால் அதைவிட நல்ல டயர் போடலாம். சீட் உறுத்தினால் வேறு சீட் வாங்கலாம். செயினும் பல்சக்கரங்களும் எப்படியும் தேய்ந்து மாற்றப்பட வேண்டியவையே. ஃபிரேமின் அளவும், அகலமான டயருக்கு அதில் இடம் இருக்கிறதா என்பதும் வாங்கிய நாளில் எப்படியோ அப்படியேதான் கடைசி வரை இருக்கும்.

பெரிய ஃபிரேமைக் காட்டி, சீட்டைத் தாழ்த்திக்கொண்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். சீட்டை ஏற்றி இறக்குவது கால் நீளத்துக்கு மட்டுமே தீர்வு. ரோடு பைக்கில் உடல் முன்னோக்கிச் சாய்ந்திருப்பதால், சீட்டிலிருந்து ஹேண்டில்பார் எவ்வளவு தூரத்தில், எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதுதான் முதுகையும் கழுத்தையும் உள்ளங்கைகளையும் பாதிக்கிறது. அளவு பொருந்தாத சைக்கிளில் பத்து கிலோமீட்டர் வரை ஒன்றும் தெரியாது. முப்பதைத் தாண்டும்போது கை மரத்துப் போகும், கழுத்து வலிக்கும், பலர் அத்துடன் ஓட்டுவதையே விட்டுவிடுகிறார்கள். அப்படி மூலையில் சாத்தி வைக்கப்படும் சைக்கிளுக்குக் கொடுத்த பணம்தான் உண்மையில் வீணான பணம்.

வீட்டிலேயே ஓர் அளவை எடுத்துக்கொள்ளுங்கள். செருப்பில்லாமல் சுவரோடு ஒட்டி நின்று, ஒரு தடிமனான புத்தகத்தைக் கால்களுக்கு இடையில் சீட்டில் அமர்ந்தால் அழுத்தும் அளவுக்கு மேலேற்றி, தரையிலிருந்து அதன் மேல்விளிம்பு வரை அளக்க வேண்டும். அந்த எண்ணை 0.883 ஆல் பெருக்கினால், கிராங்க் (பெடல்களைத் தாங்கிச் சுழலும் கை) அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய உயரம் தோராயமாகக் கிடைக்கும். கால் அளவு 80 செ.மீ. என்றால் அது 70.6 செ.மீ. இது தொடக்கக் கணக்குதான், ஓட்டிப் பார்த்துச் சிறிது கூட்டிக் குறைக்கலாம். இந்த உயரத்தில் சீட்டை வைத்து, பிரேக் லீவரின் மேற்பகுதியில் கைகளை ஊன்றிப் பாருங்கள். முழங்கை சற்றே மடங்கியிருக்க வேண்டும். கைகள் விறைப்பாக நீண்டால் அந்த ஃபிரேம் உங்களுக்கு நீளம் அதிகம்.

ஃபிரேமில் எழுதியிருக்கும் 52, 54 என்ற எண்களையோ, ஸ்மால், மீடியம் என்ற பெயர்களையோ மட்டும் நம்ப வேண்டாம், அவை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அளவு அட்டவணையில் ஸ்டாக், ரீச் என்று இரண்டு எண்கள் தரப்பட்டிருக்கும். கிராங்க் மையத்திலிருந்து ஃபிரேமின் முன்குழாயின் உச்சி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஸ்டாக். எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பது ரீச். வெவ்வேறு சைக்கிள்களை ஒப்பிட இவையே நம்பகமானவை. முதல்முறை வாங்குபவருக்கு ஸ்டாக் அதிகமாகவும் ரீச் குறைவாகவும் உள்ள, எண்டியூரன்ஸ் என்று அழைக்கப்படும் வகையே ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்மை மாற்றி ஓரிரு சென்டிமீட்டர் சரிசெய்யலாம். அதற்கு மேல் வித்தியாசம் இருந்தால் எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஒரு சைக்கிளில் 21 கியர், மற்றொன்றில் 16 கியர். விலை 16 கியர் உள்ளதற்குத்தான் அதிகம். இது எப்படி நியாயம்?

பதில்: கியர்களின் எண்ணிக்கை தரத்தைச் சொல்வதில்லை. முன்புறம் மூன்று பல்சக்கரங்கள், பின்புறம் ஏழு என்று பெருக்கிச் சொல்லும் 21 இல் பல கியர்கள் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய சமமாகவே இருக்கும். கேட்க வேண்டியது வேறு: மேட்டில் ஏற உதவும் மிக இலகுவான கியர் எது? முன்புறம் 34 பற்கள், பின்புறம் 32 பற்கள் உள்ள சைக்கிளில் பெடல் ஒரு சுற்று சுற்றினால், சக்கரச் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர் என்ற கணக்கில், வண்டி 2.2 மீட்டர் அளவுக்கு நகரும். முன்புறச் சிறிய சக்கரமே 42 பற்களாகவும் பின்புறப் பெரியது 28 பற்களாகவும் இருந்தால் அதே ஒரு சுற்றுக்கு 3.15 மீட்டர் நகர்த்த வேண்டும். செங்குத்தான மேட்டில் இந்த வித்தியாசத்தை முழங்கால்கள்தான் தாங்க வேண்டியிருக்கும். ஆகவே முன்புறம் 50, 34, பின்புறம் 11 முதல் 32 வரை என்ற அமைப்பு கிடைத்தால் எட்டு அடுக்கே, அதாவது பின்புறம் எட்டு பல்சக்கரங்களே, போதுமானது.

விலை வித்தியாசத்துக்குக் காரணமாக இருக்கக்கூடிய இன்னும் இரண்டு விஷயங்களையும் நேரில் பாருங்கள். முதலாவது, கியர் மாற்றும் லீவர் எங்கே இருக்கிறது என்பது. பிரேக் லீவரோடு இணைந்திருந்தால் கையை எடுக்காமலே கியர் மாற்றலாம். மலிவான சைக்கிள்களில் அது ஸ்டெம்மிலோ ஃபிரேமின் கீழ்க்குழாயிலோ இருக்கும், போக்குவரத்து நடுவே ஒரு கையை விட்டுத்தான் மாற்ற வேண்டும். இரண்டாவது, பின் சக்கரத்தின் பல்சக்கரத் தொகுதி திருகி மாட்டும் ஃப்ரீவீலா, ஹப்பின் (சக்கரத்தின் நடுப்பகுதி) மேல் செருகும் கேசட்டா என்பது. ஃப்ரீவீல் அமைப்பில் வலப்பக்கப் பேரிங் அச்சின் முனையிலிருந்து வெகுவாக உள்ளே தள்ளி இருப்பதால், குழிகளில் விழும்போது அச்சு வளையவோ முறியவோ வாய்ப்பு அதிகம். கேசட்டில் பேரிங் முனைக்கருகே இருக்கும். பிறகு வேறு பல்வரிசைக்கு மாற்றுவதும் எளிது.

சைக்கிள் பாகங்கள் செய்யும் ஷிமானோ நிறுவனத்தின் ரோடு பைக் பாக வரிசையில் கிளாரிஸ் எட்டு அடுக்கு, சோரா ஒன்பது, டியாக்ரா பத்து. அவற்றுக்கு மேலே 105. அளவான தொகைக்குக் கிளாரிஸ் எவ்வகையிலும் குறையன்று. சரியாக டியூன் செய்யப்பட்டால் பல ஆண்டுகள் சிக்கலின்றி உழைக்கும், செயினும் கேசட்டும் உயர்ந்த வரிசைகளைவிட மலிவாகவே கிடைக்கும். மேல்வரிசைப் பின் டிரெய்லியர் (செயினைப் பல்சக்கரம் மாற்றும் கருவி) ஒன்றை மட்டும் மாட்டி, கிராங்க், பிரேக், ஹப் ஆகியவற்றில் மிச்சம் பிடித்திருக்கும் சைக்கிள்களும் உண்டு. பாகங்களின் பட்டியலை முழுவதும் படிக்காமல் அந்த ஒரு பெயரைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

கேள்வி: டிஸ்க் பிரேக் கட்டாயம் வேண்டுமா?

பதில்: கட்டாயம் இல்லை. சக்கர விளிம்பை (ரிம்மை) இருபுறமும் கவ்வும் ரிம் பிரேக், ஒழுங்காக அமைக்கப்பட்ட இரட்டை அச்சு வகையாக இருந்தால், காய்ந்த சாலையில் நன்றாகவே நிறுத்தும். எடையும் பராமரிப்பும் குறைவு. மழையில் டிஸ்க் பிரேக்தான் மேலானது, ரிம்மும் அதனால் தேயாது. ஆனால் அளவான விலையில் கிடைப்பது பெரும்பாலும் கேபிளால் இயங்கும் டிஸ்க். அவற்றிலும் மிக மலிவானவை, நல்ல ரிம் பிரேக்கைவிட மோசமாக இருப்பதுண்டு.

டிஸ்க் பிரேக் சைக்கிளைப் பரிந்துரைக்க எனக்கு இருக்கும் பெரிய காரணம் பிரேக்கே அன்று, டயர். சாதாரண ரோடு ரிம் பிரேக்கின் கைகளுக்கு இடையே 25 அல்லது 28 மி.மீ. டயருக்கு மேல் நுழைவது அரிது. டிஸ்க் ஃபிரேம்களில் 32 மி.மீ. அல்லது அதற்கு மேலும் இடம் இருக்கும். அகலமான டயரில் காற்றழுத்தத்தைக் குறைத்து ஓட்டலாம், அதனால் மேடுபள்ளத்தில் கை அதிர்வு குறையும், ட்யூப் ரிம்மில் நசுங்கி ஓட்டையாவதும் குறையும். உங்கள் சாலைகள் கரடுமுரடாக இருந்தால் 28 க்குக் குறைந்த டயரை மட்டுமே ஏற்கும் ஃபிரேமை நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: ஒரு கிலோ எடை குறைவான சைக்கிளுக்குக் கணிசமாக அதிக விலை சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். நீங்களும் சைக்கிளும் தண்ணீரும் சேர்ந்து 80 கிலோ என்றால், ஒரு கிலோ என்பது அதில் நூற்றுக்கு ஒன்றே கால் பங்கு. மேட்டில் மட்டும் ஏறக்குறைய அந்த அளவுக்கு உதவும், சமதளத்தில் அதுவும் இல்லை. அந்தப் பணத்தில் ஒரு பகுதியை நல்ல டயருக்குக் கொடுத்தால் பலன் எல்லாச் சாலையிலும் தெரியும்.

கேள்வி: புதிய அலுமினிய சைக்கிளின் விலைக்கே பழைய கார்பன் சைக்கிள் ஒன்று கிடைக்கிறது. எதை வாங்கலாம்?

பதில்: முதல்முறை வாங்குபவர் பழைய கார்பன் ஃபிரேமைத் தவிர்ப்பதே நல்லது. அலுமினியமோ எஃகோ அடிபட்டால் பெரும்பாலும் நசுங்கல் கண்ணுக்குத் தெரியும். கார்பனில் மேற்பூச்சு முழுதாக இருந்தும் உள்ளடுக்குகள் பிரிந்திருக்கக்கூடும். அதைக் கண்டறிய அனுபவமுள்ள மெக்கானிக் உடன் வந்தால் மட்டுமே யோசிக்கலாம்.

பழைய அலுமினிய சைக்கிள், அல்லது குரோமோலி எஃகு சைக்கிள் என்றால் நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். அதே தொகைக்கு ஒரு படி மேலான பாகங்கள் கிடைக்கும். பார்க்கும் முறை மட்டும் தெரிந்திருக்க வேண்டும். குழாய்கள் இணையும் வெல்டிங் பகுதிகளில், குறிப்பாக முன்குழாய்க்குக் கீழும் கிராங்க் அருகிலும், தலைமுடி போன்ற விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். சீட் தண்டைத் தளர்த்தி அசைத்துப் பாருங்கள், ஃபிரேமோடு இறுகிப் பிடித்திருந்தால் வாங்க வேண்டாம். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டில்பாரை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் தடங்கித் தடங்கி நின்றால் ஹெட்செட் (ஃபோர்க் முன்குழாயில் திரும்பும் இணைப்பு) பேரிங் போய்விட்டது என்று பொருள். ரிம் பிரேக் சைக்கிளில் பிரேக் கட்டை உரசும் பரப்பு உட்குழிந்திருந்தால் ரிம் தேய்ந்துவிட்டது. செயினில் ஒரு பின்னின் மையத்திலிருந்து 24 இணைப்புகளை அளந்தால் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும்; அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடினால் செயின் மாற்றும் நிலை, எட்டில் ஒரு பங்கு கூடியிருந்தால் கேசட்டும் சேர்ந்து போயிருக்கும். இவற்றை விலையில் கழித்துப் பேசுங்கள். கிராங்குக்கு அடியில் பொறித்திருக்கும் ஃபிரேம் எண்ணை வாங்கிய ரசீதோடு ஒப்பிட்டுப் பார்க்க மறக்காதீர்கள். ரசீது இல்லாமல், ஃபிரேம் எண்ணும் சுரண்டப்பட்டிருக்கும் சைக்கிள் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். அதை இழந்த ஒருவர் எங்கோ இருக்கக்கூடும்.

கேள்வி: கையிலுள்ள பணம் முழுவதையும் சைக்கிளுக்கே செலவிடலாமா?

பதில்: ஐந்தில் ஒரு பங்கையாவது ஒதுக்கி வையுங்கள். ஹெல்மெட், முன்பின் விளக்குகள், பூட்டு, அழுத்தம் காட்டும் பம்பு, மாற்று ட்யூப், டயர் லீவர் ஆகியவை பெரும்பாலும் தனியாகத்தான் வாங்க வேண்டியிருக்கும். சில சைக்கிள்கள் பெடல்கூட இல்லாமலே விற்கப்படுகின்றன. ரோடு பைக் ட்யூப்களில் பெரும்பாலும் பிரெஸ்டா எனப்படும் மெல்லிய வால்வு இருக்கும், பழைய பம்பு அதற்குப் பொருந்தாமல் போகலாம். புதிய கேபிள்களும் ஸ்போக்குகளும் முதல் சில வாரங்களில் சற்றுத் தளரும் என்பதால் ஒரு முறை சர்வீஸ் செய்ய வேண்டும். அது இலவசமா என்று வாங்கும்போதே கேட்டு, ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: இணையத்தில் வாங்கினால் பாதி பூட்டிய நிலையில் பெட்டியில் வருமாமே? நானே பூட்டலாமா?

பதில்: பொறுமையும் சரியான கருவிகளும் இருந்தால் பூட்டலாம். இடது பெடலின் மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டிருக்கும், அதைக் கடிகார முள்ளுக்கு எதிர்ப்புறமாகச் சுற்றித்தான் இறுக்க வேண்டும். தவறான பக்கம் வலிந்து திருகினால் கிராங்கின் மரை அழிந்துவிடும். ஃபோர்க் பின்பக்கம் திரும்பிய நிலையில் பெட்டிக்குள் வைக்கப்பட்டிருக்கலாம், அதைக் கவனிக்காமல் அப்படியே பூட்டுபவர்கள் உண்டு. ஸ்டெம் போல்டுகளில் எத்தனை நியூட்டன் மீட்டர் என்று அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் 5. இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனர் இல்லாவிட்டால் அந்த வேலையையும் பிரேக் அமைப்பையும் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். பூட்டி முடித்ததும் ஏறுவதற்கு முன், முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். ஹெட்செட்டில் ஆட்டமோ சத்தமோ இருந்தால் அன்று ஓட்ட வேண்டாம்.