ஒலிம்பியா – கடிதம்

அன்புள்ள சார்,

பிரெஞ்சு ஓவியர் எதுவார் மானே வரைந்த 'ஒலிம்பியா'வை, கட்டிலில் நிர்வாணமாகக் கிடக்கும் பெண்ணின் படத்தை, லேப்டாப்பில் வால்பேப்பராக வைத்திருக்கிறேன். மனைவி எடுக்கச் சொல்கிறாள். 19ஆம் நூற்றாண்டு ஓவியர்கள் பெண்ணை வெறும் உடலாகத்தான் பார்த்தார்களா? அதே காலத்து ஓவியர் கபனெல் வரைந்த வீனஸில் உள்ள நளினம் இதில் இல்லையே. அந்த விலைமகள் ஏன் இப்படி முறைக்கிறாள்?

எம்.

அன்புள்ள எம்,

மனைவி சொன்னால் எடுத்துவிடுங்கள், அது உங்கள் வீட்டு விவகாரம். நளினத்தைப் பற்றியும் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கபனெலின் வீனஸ் அரைக்கண் மூடி அலைமேல் கிடக்கிறாள். பார்ப்பவனுக்குக் கூச்சமே வேண்டியதில்லை. 1863இல் மூன்றாம் நெப்போலியன் அதை விலைக்கு வாங்கினார். 1865இல் சலோனில், அதாவது பாரிஸின் அதிகாரபூர்வ ஓவியக் கண்காட்சியில், ஒலிம்பியாவுக்கோ காவல் போட வேண்டியதாயிற்று. கடைசியில் கதவுக்கு மேலே, கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டினார்கள்.

ஆனால் 'அந்த விலைமகள்' என்று எழுதினீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. ஒலிம்பியா விலைமகளாக இருக்கட்டும். உங்களை முறைப்பது விக்டோரின் மெரான். காசுக்கு மாடலாக இருந்தவர். அவரும் ஓவியர், ஐயா! 1876 சலோனில் மானேயின் படங்களைத் திருப்பி அனுப்பிய நடுவர்கள், விக்டோரின் வரைந்த சுயசித்திரத்தை ஏற்றுக்கொண்டார்கள். நானும் இதை ஊரெல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டேன். கேட்டுத் தலையாட்டிவிட்டு, அடுத்த வாரம் மறுபடியும் 'மானேயின் மாடல்' என்கிறார்கள். குடித்தே இளமையில் செத்தார் என்றுகூடக் கதை கட்டினார்கள். 1927 வரை இருந்தார், 83 வயது. மானேதான் 51 வயதில் போனார்.

சரி, உங்களை மட்டும் திட்டி என்ன பயன்? கல்லூரி நாட்களில் இந்தப் படத்தை ஒரு பழைய புத்தகத்தில் கறுப்பு வெள்ளையில் பார்த்தேன். மட்டமான அச்சு, பின்னணி முழுக்க மை அப்பியிருந்தது. பல வருடம் கழித்து பாரிஸில் ஓர்சே அருங்காட்சியகத்தில் அதன்முன் நின்றபோதுதான் கட்டிலுக்குப் பின்னால் நிற்கும் கறுப்பினப் பணிப்பெண்ணின் முகம் தெரிந்தது. தலையில் துணிக்கட்டு, காதில் தோடு. அச்சுக்காரன்மேல் பழியைப் போட்டுத் தப்பித்துக்கொள்ளப் பார்த்தேன். முடியவில்லை. வெள்ளைக் காகிதம் சுற்றிய பூங்கொத்து அந்தப் புத்தகத்திலும் பளிச்சென்றுதான் இருந்தது. அதைப் பிடித்திருப்பது யார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அவர் பெயர் லோர். மானே தன் குறிப்பேட்டில் அந்தப் பெயரையும் தெரு முகவரியையும் எழுதி வைத்திருக்கிறார். குடும்பப் பெயர் இல்லை.

வால்பேப்பரை எடுப்பதற்கு முன்னால் வலது பக்கத்தை ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள். கால்மாட்டில் ஒரு கறுப்புப் பூனையும் நிற்கிறது.