வெளிநாட்டு நகர உறவு பற்றி மணிக்கணக்காகப் பேசும் நகர்மன்றம், நகர மையத் திட்டத்தை மட்டும் ஏன் இழுத்தடிக்கிறது?

இரண்டும் ஒரே கூட்டத்தில் வந்தாலும், மன்றத்தின் பிடி இரண்டிலும் ஒரே மாதிரி இல்லை. சகோதர நகர உறவை ஏற்கவோ முறிக்கவோ ஒரு தீர்மானம் போதும். 2019-ல் செக் குடியரசின் தலைநகரான பிராக் மாநகராட்சி பெய்ஜிங்குடனான ஒப்பந்தத்தைக் கைவிட்டது. தைவானும் சீனாவின் பகுதிதான் என்னும் 'ஒரே சீனா' கொள்கையை ஏற்கச் சொல்லும் ஷரத்துதான் தகராறு. 2020 ஜனவரியில் தைவான் தலைநகர் தைபேயுடன் கையெழுத்தும் போட்டாயிற்று.

நகர மையத்தில் நிலம் பெரும்பாலும் பலர் கையில் துண்டு துண்டாகக் கிடக்கும். மன்றம் ஒப்புதல் தரலாம். முதல் போடுவது பெரும்பாலும் தனியார் நிறுவனம், அதற்குக் கடன் தருவது வங்கி. வட்டி ஏறினால் வாடகைக் கணக்கு உதைக்கும், நிறுவனம் கால நீட்டிப்பு கேட்டு வந்து நிற்கும். மறுத்தால் மறுபடி டெண்டரிலிருந்து தொடங்க வேண்டும் என்பதால் உறுப்பினர்கள் முணுமுணுத்துக்கொண்டே கைதூக்குவார்கள்.

நிபந்தனையே இல்லாமல் நீட்டிப்பதைத்தான் நான் குறை சொல்வேன். ஒப்பந்த நகலைக் கேட்டு வாங்குங்கள். குறித்த தேதிக்குள் அஸ்திவாரம் போடாவிட்டால் நிலம் மாநகராட்சிக்கே திரும்பும் என்ற ஷரத்து இருக்கிறதா? நீட்டிப்பு, விவாதமே இல்லாமல் மொத்தமாக நிறைவேற்றும் பட்டியலில் நுழைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.