காணியை விற்றுக் கனடாவில் பாராலீகல் படிக்கலாமா?

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்கு வயது 24, இடம் கோப்பாய். கலைப்பிரிவில் ஏ.எல். 3 பாடமும் சித்தி, ஆனால் கம்பஸ் கிடைக்கவில்லை. 4 வருடமாக யாழ்ப்பாணத்தில் ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் வேலை செய்கிறேன். அவர் நொத்தாரிசும்கூட. உறுதி தயாரிப்பது, காணிப் பதிவகத்தில் தேடுதல் செய்வது, வழக்குக் கோவைகளை ஒழுங்குபடுத்துவது எல்லாம் நான்தான். சம்பளம் 45,000 ரூபா. அதில் மாதம் 12,000 மிச்சம் பிடிக்கிறேன். ஸ்காபுறோவில் இருக்கும் சின்னம்மா, ஒன்ராறியோவில் பாராலீகல் (சட்டத்தரணி அல்லாத சட்டப் பணியாளர்) பட்டம் 4 வருடம் படித்தால் அங்கேயே இதே வேலையை உரிமத்தோடு செய்யலாம், தங்குமிடமும் சாப்பாடும் தன் பொறுப்பு என்கிறார். ஏஜென்சியில் கட்டணம் வருடத்துக்கு 21,000 கனடிய டொலர் என்றார்கள். முதல் வருடக் காசைக் கட்டினால் போதும், மிச்சத்தை அங்கே உழைத்துக் கட்டலாமாம். அம்மா தன் சீதனக் காணி 5 பரப்பையும் விற்கலாம் என்கிறார். பரப்பு 20 இலட்சம் போகும். அது ஒன்றுதான் எங்கள் சொத்து. தம்பி இப்போது ஏ.எல். படிக்கிறான். என்ன செய்யட்டும்?

பதில்: தங்கச்சி, உங்கள் ஆசையில் ஒரு பிழையும் இல்லை. 4 வருடம் கந்தோரில் இருந்து உறுதி எழுதப் பழகிய ஒருவர் அந்தத் துறையிலேயே பட்டம் வேண்டும் என்று நினைப்பது மிகச் சரி. ஆனால் இந்தக் காணியை இந்தப் பட்டத்துக்காக விற்க வேண்டாம் என்பதே என் பதில். காரணத்தைக் கணக்கோடு சொல்கிறேன், அம்மாவையும் பக்கத்தில் இருத்தி வாசியுங்கள்.

ஒரு கனடிய டொலரை 220 ரூபா என்று வைத்துக்கொள்வோம். காணி விற்றுக் கையில் வருவது 1 கோடி, அதாவது ஏறத்தாழ 45,000 டொலர். விசாவுக்கு முதல் வருடக் கட்டணத்தோடு வாழ்க்கைச் செலவுக்கான பணமும் காட்ட வேண்டும். தனி ஒருவருக்கு அந்தத் தொகை 2025 செப்டெம்பர் முதல் 22,895 டொலர். கட்டணம் 21,000. இரண்டும் சேர்ந்தால் 43,895. விமான டிக்கெட்டும் எடுத்தால் 5 பரப்பும் முடிந்தது. இன்னும் 3 வருடப் படிப்பு பாக்கி.

சரி, சின்னம்மா வீட்டில் இருப்பதால் காட்டிய பணம் முழுதும் செலவாகாது. உண்மைதான். அதையும் சேர்த்தே பார்ப்போம். பஸ், போன், புத்தகம், குளிர் உடுப்பு, காப்புறுதி என்று சிக்கனமாக வருடம் 8,000 டொலர் போட்டாலும் கட்டணத்தோடு 29,000. 4 வருடத்துக்கு 116,000 டொலர், நம் காசில் 2 கோடி 55 இலட்சம். காணிக்காசு போக 71,000 டொலரை நீங்கள் உழைக்க வேண்டும், அதாவது வருடத்துக்குச் சுமார் 17,750. மாணவர்கள் படிப்புக் காலத்தில் கம்பஸுக்கு வெளியே வாரம் 24 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். விடுமுறையில் முழுநேரம் செய்யலாம். ஒன்ராறியோவில் 2025 ஒக்டோபரிலிருந்து குறைந்தபட்சக் கூலி மணிக்கு 17.60 டொலர். 32 வாரம் பகுதிநேரம், 16 வாரம் முழுநேரம் என்று ஒரு நாள் விடாமல் உழைத்தால் வரி, கழிவுகளுக்கு முன் வருடத்துக்கு 24,700 டொலர் அளவில் வரும்.

ஆக, தாளில் கணக்கு ஒருவாறு பொருந்துகிறது. ஏஜென்சிக்காரர் முழுப்பொய் சொல்லவில்லை. ஆனால் எதில் நிற்கிறது பாருங்கள். அங்கே போய் இறங்கிய மாதமே வேலை கிடைக்க வேண்டும், 4 வருடமும் அது நிலைக்க வேண்டும், உங்களுக்கு வருத்தம் வரக்கூடாது, கட்டணம் ஏறக்கூடாது, ரூபா விழக்கூடாது. வெளிநாட்டு மாணவர் கட்டணம் வருடாவருடம் ஏறுவதுதான் வழக்கம். ரூபா என்ன செய்யும் என்பதை 2022இல் எல்லோரும் பார்த்தோம். மார்ச்சில் 200 ரூபா அளவில் இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. பிள்ளையை வெளியே படிக்க விட்டிருந்த குடும்பங்கள் நகையை அடகு வைத்தும் காணியை ஈடு வைத்தும் கட்டணம் கட்டின. ஒரு தவணை கட்டத் தவறினால் படிப்பு நிற்கும், படிப்பு நின்றால் விசாவும் ஆடும். கையில் ஒரு ரூபா மிச்சமில்லாமல் இப்படி ஒரு பயணத்துக்கு உங்களை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று. வங்கியில் காட்டுவதற்கு ஒரு மாதம் கைமாற்றாகக் காசு போட்டுத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அவர்களின் வாசற்படியை மறுபடி ஏறாதீர்கள். பொய்யான விவரம் கொடுத்ததாகத் தீர்மானித்தால் கனடா 5 வருடம் கதவை மூடிவிடும். அந்தத் தடை ஏஜென்சிக்கு அல்ல, உங்கள் கடவுச்சீட்டுக்கு.

ஆனாலும் என் தயக்கத்துக்குப் பெரிய காரணம் செலவு அல்ல. இந்தப் பட்டம் எங்கே செல்லுபடியாகும் என்பதுதான்.

ஒன்ராறியோவில் பாராலீகல்களை 2007இலிருந்து சட்டச் சங்கம் ஒழுங்குபடுத்தி உரிமம் கொடுக்கிறது. அங்கீகரித்த நெறியை முடித்து, 120 மணித்தியாலக் களப்பயிற்சி செய்து, பரீட்சையும் சித்தியடைய வேண்டும். உரிமம் கிடைத்தால் சிறு கோரிக்கை நீதிமன்றம், வீதிப் போக்குவரத்து வழக்குகள், வீட்டுக்காரர் வாடகைக்காரர் பிணக்குகள், குடிவரவு அகதிச் சபை போன்ற இடங்களில் தனியாகவே ஆளுக்காகத் தோன்றலாம். மரியாதையான தொழில், நம் சனத்துக்குத் தேவையான தொழிலும்கூட. ஆனால் வீடு, காணி கைமாற்றமும் மரணசாசனம் எழுதுவதும் அந்த உரிமத்துக்குள் வராது. நீங்கள் கந்தோரில் 4 வருடம் பழகிய வேலையின் பெரும்பகுதி அதுதானே? முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று தேசவழமையில், அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டத்தில், நீங்கள் பெற்ற அறிவு அங்கே காசாகாது. ஒன்ராறியோ உரிமத்தை வைத்து மற்ற மாகாணங்களில் அப்படித் தனியாகத் தொழில் செய்யவும் முடியாது. அந்தப் பட்டத்தோடு ஊருக்குத் திரும்பினால் இங்கே பாராலீகலுக்கென்று தனி உரிமமே இல்லை. சட்டக் கல்லூரியும் அதைச் சட்டமாணி (எல்.எல்.பி.) பட்டமாக எடுக்காது. பட்டம் முடித்தவருக்கு 3 வருடம் வரை அங்கே வேலை அனுமதி கிடைக்கலாம், ஆனால் நிரந்தர வதிவிடத்துக்கு அது உறுதி அல்ல. கட்டணம் குறைவு என்று 2 வருட டிப்ளோமாவுக்கு மாறச் சொன்னால் கவனம். 2024 நவம்பரிலிருந்து மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்கும் டிப்ளோமாக்காரருக்கு, குறித்த சில துறைகளில் படித்தால் மட்டும்தான் அந்த வேலை அனுமதி. சட்டம் சார்ந்த படிப்பு அந்தப் பட்டியலில் இல்லை.

இதற்கு எதிரே இங்கே சட்டமாணிப் பட்டத்தை வைத்துப் பாருங்கள். இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின் சட்டமாணி வேலை செய்துகொண்டே படிக்கக்கூடியது. தெரிவுப் பரீட்சை உண்டு, இசட் புள்ளிக்காக அழ வேண்டியதில்லை. முழுப் படிப்புக்கும் ஆகும் கட்டணம் கனடாவில் ஒரு பருவத்துக்குக் கட்டும் 23 இலட்சத்தைவிடக் குறைவு. யாழ்ப்பாணத்தில் அவர்களின் பிராந்திய நிலையம் இருக்கிறது. எந்தெந்த வகுப்புகள், பரீட்சைகள் இங்கே நடக்கும், எதற்குக் கொழும்பு போக வேண்டும் என்று நேரில் போய்க் கேளுங்கள். போக்குவரத்தும் தங்கும் செலவும் கட்டணத்தளவு முக்கியம். நீங்கள் இப்போது சேமிக்கும் 12,000 ரூபாவே 4 வருடத்தில் 5 இலட்சத்து 76 ஆயிரம். காணியைத் தொடவே தேவையில்லை.

பட்டம் முடித்தால் புதுக்கடையில் உள்ள சட்டக் கல்லூரிக்கு நுழைவுப் பரீட்சை இல்லாமல் போகலாம். சட்டத்தரணியாகலாம், நொத்தாரிசாகலாம். இன்று நீங்கள் தயாரித்து இன்னொருவர் கையொப்பமிடும் உறுதியில் உங்கள் கையொப்பமே இருக்கும். சட்டக் கல்லூரிக்கு நேரடியாகவும் முயலலாம். ஒரே தடவையில் ஏ.எல். 3 பாடச் சித்தியும், ஓ.எல்.இல் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் திறமைச் சித்தியும் இருந்தால் நுழைவுப் பரீட்சைக்குத் தகுதி. உங்களிடம் ஆங்கிலத்துக்கு அது இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லாவிட்டால் முதல் செலவு அதற்குத்தான். ஆங்கிலம் இல்லாமல் சட்டப்படிப்பில் தூரம் போக முடியாது.

சின்னம்மாவின் கனடாவையும் நான் மூடிவிடவில்லை. வெளிநாட்டில் பெற்ற சட்டப் பட்டங்களை அங்கே தேசிய அங்கீகாரக் குழு மதிப்பிட்டு, இன்னும் எந்தப் பரீட்சைகள் எழுத வேண்டும் என்று சொல்லும். அது முடிந்தால் பாராலீகல் அல்ல, வழக்கறிஞர் ஆகும் வழி. தொலைக்கல்வியில் படித்தவர்களுக்குக் கூடுதல் நிபந்தனை வரலாம், அதை மனதில் வையுங்கள். பிறகு ஒரு காலம் கல்யாணமாகியோ வேறு வழியிலோ நிரந்தர வதிவிடத்தோடு அங்கே போனால், பட்டதாரிகளுக்கான ஒரு வருடப் பாராலீகல் நெறியை உள்நாட்டு மாணவர் கட்டணத்தில் படிக்கலாம். இன்று வெளிநாட்டு மாணவியாகக் கட்டப்போவதில் அது ஒரு சிறு பங்குதான்.

தனியார் கல்வி நிறுவனம் ஒன்றில் படிக்க நினைத்தால், 2017இல் தொடங்கிய அரசின் வட்டியில்லா மாணவர் கடன் திட்டத்தையும் பாருங்கள். அந்த வருட அறிவிப்பில் உள்ள நிறுவனங்களுக்கும் நெறிகளுக்கும் மட்டும்தான் அது. சட்டம் அதில் இருக்கிறதா என்று பார்க்காமல் எங்கேயும் பதிவுக்காசு கட்டாதீர்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பட்டத்தை இங்கே நடத்தும் நிறுவனம் என்றால், அந்தப் பட்டத்தைச் சட்டக் கல்லூரி ஏற்கிறதா என்று சட்டக் கல்லூரியிடமே எழுத்தில் கேட்க வேண்டும். விளம்பரத்தில் போட்டிருப்பது போதாது.

உங்கள் சம்பளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கந்தோரில் ஊழியர் சேமலாப நிதி கட்டுகிறார்களா? ஒரே ஒருவரை வேலைக்கு வைத்திருந்தாலும் கட்ட வேண்டும். உங்களிடமிருந்து 8 வீதம், முதலாளி 12 வீதம், அதோடு ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளியின் 3 வீதம். 45,000க்கு முதலாளி பங்கு மட்டும் மாதம் 6,750 ரூபா. 4 வருடமாகக் கட்டவில்லை என்றால் 3 இலட்சத்து 24 ஆயிரம் உங்களுக்கு வராமல் போயிருக்கிறது, அதுவே படிப்புச் செலவில் ஒரு நல்ல பங்கு. சட்டம் தெரிந்த இடத்தில் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

அம்மாவின் காணி விடயம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தேசவழமையின் கீழ் மனைவி தன் அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், காணியில் பங்காளிகள் இருந்தால் அவர்களுக்கு முன்வாங்கும் உரிமையும் (வெளியாருக்கு முன் தாங்களே வாங்கும் உரிமை) உண்டு. அவசரத்தில் விற்றால் விலையும் இறங்கும், பிறகு வழக்கும் வரும். அதைவிட, அந்த 5 பரப்பில் தம்பிக்கும் ஒரு எதிர்காலம் இருக்கிறது. அவனுடைய ஏ.எல். முடிவு வரும்வரையாவது விற்பனைப் பேச்சை நிறுத்தி வையுங்கள்.

இந்த மாதம் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: திறந்த பல்கலைக்கழக நிலையத்துக்குப் போய்ச் சட்டமாணித் தெரிவுப் பரீட்சை எப்போது, விண்ணப்பம் எப்போது என்று கேளுங்கள். ஏஜென்சியில் முற்பணம் ஏதும் கேட்டால் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் பற்றுச்சீட்டின் படத்தோடு எனக்கு எழுதுங்கள், திருப்பி எடுக்க என்ன வழி என்று பார்ப்போம்.