அதிகாலை ஜெபம் மட்டும்தான் ஜெபமா?

கேள்வி: செவிலியராக மாறி மாறி ஷிப்ட் பார்க்கிறேன். அதிகாலையில் ஜெபிக்க எழ முடிவதில்லை. ஓராண்டில் வேதத்தை வாசித்து முடிக்கும் திட்டமும் பிப்ரவரியோடு நின்றுவிட்டது. என்ன செய்யலாம்? – வாசகி, நாகர்கோவில்

பதில்: இயேசு இருட்டோடே எழுந்து ஜெபித்ததாக மாற்கு 1:35 சொல்வதை நாம் சட்டமாக்கிக்கொண்டோம்; ஆனால் அவர் இராமுழுவதும் ஜெபித்ததை லூக்கா 6:12 சொல்கிறது. ஆலயத்தில் இராக்காலங்களில் நின்று பணி செய்தவர்களை முன்னிட்டே 134ஆம் சங்கீதம் தொடங்குகிறது என்பதால், இரவுப் பணியாளரான உங்களுக்கு அது மிகவும் பொருந்தும். 120 தேசாதிபதிகளுக்கு மேலான மூன்று பிரதானிகளில் ஒருவராக இருந்த தானியேலும், அலுவல்களுக்கு நடுவே நாளுக்கு மூன்று வேளை முழங்காற்படியிட்டார்.

வேத வாசிப்பைப் பொறுத்தவரை, 1,189 அதிகாரங்களை ஓராண்டில் முடிக்க நாளொன்றுக்கு மூன்றுக்கு மேல் வாசிக்க வேண்டும். அது உங்கள் பணிநேரத்துக்கு ஒத்துவராது என்றே நினைக்கிறேன் (வேதத்தின் மூன்றாம் புத்தகமான லேவியராகமத்திலேயே நின்றுபோனவர்கள் ஏராளம்). அதற்குப் பதிலாக 119ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆலெப், பேத் என எபிரெய எழுத்துகளின் வரிசையில் எவ்வெட்டு வசனங்களாக 22 பகுதிகளாய் அமைந்திருப்பதால், பணிக்குப் புறப்படுமுன் ஒரு பகுதியை வாய்விட்டு வாசித்து, அதில் ஒரு வசனத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு வார்டுக்குப் போகலாம். ஒவ்வொரு படுக்கையருகிலும் கைகழுவும் நேரம், அந்த நோயாளியின் பெயரைச் சொல்லி மௌனமாக வேண்டிக்கொள்ளப் போதும். உபவாசத்தைப் பணியில்லாத நாளுக்கு ஒதுக்குங்கள்.