மூன்று மணி நேரம் வரைகிறவள் சோம்பேறியா?

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. வீட்டுப்பாடத்தை எழுதிவிட்டு, கொடுக்க மறந்துவிடுகிறாள். படம் வரைய உட்கார்ந்தால் மட்டும் மூன்று மணி நேரம் அசைய மாட்டாள். துறுதுறுப்பும் கிடையாது. இது ஏ.டி.எச்.டி. என்கிற கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்புக் கோளாறா, சோம்பேறித்தனமா?

பதில்: சோம்பேறி என்றால் எழுதியே இருக்க மாட்டாளே! ஏ.டி.எச்.டி.யில் கவனமே இல்லாமல் போவதில்லை. வேண்டிய நேரத்தில் வேண்டிய இடத்துக்கு அதைத் திருப்புவதுதான் கஷ்டம். பிடித்த வேலையில் மூழ்கிப்போவதும் அதில் உண்டு. ஓட்டம், ஆட்டம் எதுவும் இல்லாத, கவனக்குறைவு மட்டுமே தெரிகிற வகையும் இருக்கிறது. பெண் பிள்ளைகளிடம் அது சுலபமாகக் கண்ணுக்குத் தப்பிவிடும். தொழிலுக்கு வந்த புதிதில் நானே அப்படி ஒரு சிறுமியை, "கொஞ்சம் கனவு காண்கிறாள், அவ்வளவுதான்" என்று திருப்பி அனுப்பினேன். இரண்டு வருடம் கழித்து மனச்சோர்வோடு வந்தாள். அந்த முகம் இன்னும் மறக்கவில்லை.

அதற்காக நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். தூக்கக்குறைவும் பதற்றமும்கூட இதே மாதிரி தெரியும். 12 வயதுக்கு முன்பே இருந்ததா, வீடு, பள்ளி இரண்டிலும் உண்டா, ஆறு மாதமாவது நீடித்ததா என்று மருத்துவர் கேட்பார். பழைய ரிப்போர்ட் கார்டுகளைத் தேடி எடுத்துப் போங்கள். அப்புறம், தண்டனை என்று சொல்லி அவள் படம் வரைகிற நோட்டைப் பிடுங்கி வைக்காதீர்கள்.