மூளையையும் குடும்பத்தையும் படிக்க ஆசைப்படுகிற பிள்ளைக்கு நீட் ரிப்பீட்டர் கோச்சிங் எதற்கு?

கவுந்தப்பாடிப் பக்கமிருந்து ஒரு அக்கா வாட்ஸ்அப்பில் நீளமாகப் பேசி அனுப்பியிருந்தார். பெண் பிளஸ் டூவில் பயாலஜி எடுத்து நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள். நீட்டில் அரசு இடத்துக்கு எட்டவில்லை. "அண்ணன் தம்பி ஏன் பேசாமப் போறாங்க, அப்ப மூளைக்குள்ள என்ன நடக்குது, அதைத்தான் படிக்கோணும்" என்கிறாளாம். தாய்மாமன் திருப்பூரில் பனியன் யூனிட் வைத்திருப்பவர். நாமக்கல்லில் ஹாஸ்டலோடு ஒரு வருடம் ரிப்பீட்டர் கோச்சிங்கில் சேர்த்துவிடுகிறேன், செலவு என்னுடையது என்கிறார். அப்பாருக்கு டாக்டர் பேத்தி வேண்டும். "ராத்திரி தூக்கமே வர மாட்டேங்குதுங்க, நீங்களே ஒண்ணு சொல்லுங்க" என்று முடித்திருந்தார்.

அக்கா, தூங்குங்க. பதினேழு வயதில் தனக்கு எது பிடிக்கும் என்று இவ்வளவு தெளிவாகச் சொல்கிற பிள்ளைகள் என்னிடம் அதிகம் வருவதில்லை. ஆறுதல் இத்தோடு போதும், இனிமேல் சொல்லப்போவது உங்கள் அண்ணனுக்குப் பிடிக்காது.

"எம்பிபிஎஸ் முடிச்சுட்டு மனநல டாக்டர் ஆகிக்கட்டுமே, அதுவும் மூளைதானே" என்று வீட்டில் யாராவது இந்நேரம் சொல்லியிருப்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். எம்பிபிஎஸ் இன்டர்ன்ஷிப்போடு ஐந்தரை வருடம், அப்புறம் மேற்படிப்புக்கான நீட் பிஜி தேர்வு, அதில் சைக்கியாட்ரி இடம் கிடைத்தால் இன்னும் மூன்று வருடம். அத்தனையும் தாண்டி அவள் உட்காரப்போவது நோயாளிக்கு எதிரில். உங்கள் பெண் கேட்பது நோயைப் பற்றியே இல்லை. ஒரே வீட்டில் வளர்ந்து, ஒரே தட்டில் தின்ற இரண்டு பேர் பாகப்பிரிவினை வந்ததும் வரப்புக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்று ஆகிவிடுகிறார்களே, நல்லாயிருக்கிற மனுசர்கள்தானே, அது எப்படி என்று கேட்கிறாள். மருத்துவப் படிப்பு தப்பில்லை, இந்தக் கேள்விக்கான படிப்பு அது இல்லை, அவ்வளவுதான்.

பணத்தையும் பேசிவிடுவோம். ரிப்பீட்டர் வருடத்திலும் மார்க் எட்டாவிட்டால் அடுத்து வருகிற பேச்சு நிகர்நிலைப் பல்கலைக்கழகம். அங்கே வருடத்துக்கு இருபது லட்சத்துக்கு மேல் கேட்கிற இடங்கள்தான் அதிகம். அதற்காகக் கிணற்றடிக் காட்டை விற்பது என்றால், வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. மாமன் பணமும் வேண்டாம். சீர் செய்வது அவர் உரிமை, செய்யட்டும். படிப்புக்குப் பணம் கொடுத்தவர் பிறகு எங்கே வேலைக்குப் போகிறாள், யாரைக் கட்டுகிறாள் என்பதிலெல்லாம் பேச வருவார், அவரைத் தடுக்க உங்களால் முடியாது. நல்ல மனுசராகவே இருக்கட்டும், அப்போதும் முடியாது.

இப்படி ஒரு படிப்பு உண்டா, இல்லை பிள்ளை யூடியூப் பார்த்து உளறுகிறாளா என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்டாராம். உண்டு. 2006இல் ஜேம்ஸ் கோன் என்பவரும் உடன் வேலை செய்தவர்களும் அமெரிக்காவில் ஒரு ஆய்வு செய்தார்கள். கல்யாணமான 16 பெண்களை எம்ஆர்ஐ ஸ்கேன் மெஷினுக்குள் படுக்கவைத்து, லேசாக ஷாக் வரும் என்று பயம் காட்டி, மூளை எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்தார்கள். யார் கையையும் பிடிக்காமல் ஒரு தடவை, முன்பின் தெரியாதவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை, புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை. ஆபத்துக்குத் துடிக்கிற மூளைப் பகுதிகள் புருஷன் கையைப் பிடித்திருந்தபோதுதான் நன்றாக அடங்கின. அதிலும் யார் வீட்டில் கணவன் மனைவி நன்றாக ஒத்துப்போனார்களோ, அவர்களுக்கு இன்னும் அதிகமாக. பதினாறு பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான், அதையும் அவள் தெரிந்துகொள்ளட்டும்.

ருமேனியாவில் நடந்தது இன்னும் பெரிய விஷயம். சௌசெஸ்கு ஆட்சி 1989இல் விழுந்தபோது, அரசு இல்லங்களில் ஏராளமான குழந்தைகள் மடியில் வைத்துக் கொஞ்ச ஆளில்லாமல் கிடந்தது உலகத்துக்குத் தெரியவந்தது. பின்னாளில் அப்படிப்பட்ட 136 குழந்தைகளை எடுத்து, சீட்டுப் போட்டுப் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்து, வருடக்கணக்காகப் பின்தொடர்ந்து, மூளையின் மின் அலைகளை இஇஜி வைத்து அளந்தார்கள். குடும்பம் கிடைத்தவர்கள் தேறினார்கள், அதிலும் சுமார் இரண்டு வயதுக்கு முன்னால் கிடைத்தவர்கள் நன்றாகவே. உடம்புக்குச் சோறு மாதிரி மூளைக்கு ஒரு ஆள் வேண்டும் என்று நம் அப்பத்தாக்கள் சொன்னால் கேட்டுக்கொண்டு போய்விடுவோம், அதை அளந்து காட்ட இத்தனை பாடு.

ஆக்சிடோசின் என்கிற ஹார்மோன் பற்றி அவள் உங்களிடம் பேசியிருப்பாள், இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லோரும் பேசுகிறார்கள். அமெரிக்கப் புல்வெளியில் ஜோடி பிரியாமல் வாழ்கிற வோல் என்கிற எலி இனம் ஒன்று உண்டு. அந்த ஹார்மோன்தான் ஜோடி சேர்க்கிறது என்று பல வருடம் சொல்லிவந்தார்கள். 2023இல் மரபணுவைத் திருத்தி, ஆக்சிடோசினை வாங்கிக்கொள்கிற புரதமே இல்லாத வோல்களை உருவாக்கிப் பார்த்தால் அவையும் ஜோடி சேர்ந்தன. அன்பு ஹார்மோன், பாச ஹார்மோன் என்று ரீல்ஸில் பேசுகிறவர்களிடமிருந்து பிள்ளையைக் காப்பாற்ற இந்த ஒரு கதை போதும்.

சரி, எங்கே சேர்ப்பது? இன்ஜினியரிங், ஐடி பற்றிச் சொல்ல ஊரில் ஆள் இருக்கிறார்கள், பிஎஸ்ஸி சைக்காலஜி பற்றியும் நீங்களே விசாரித்திருப்பீர்கள், அதை விடுகிறேன். யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன், முகத்தைச் சுளிக்காதீர்கள்: ஹோம் சயின்ஸ். "சமையல் படிப்புக்கா மார்க் வாங்கினா" என்று அப்பாரு கேட்பார். சமையல், சத்துணவு அதில் ஒரு கிளை. இன்னொரு கிளை மனித மேம்பாடு, அதாவது கருவில் இருக்கும் பிள்ளையிலிருந்து கட்டிலில் கிடக்கும் கிழவர் வரைக்கும் மனுசன் எப்படி வளர்கிறான், குடும்பம் அவனை என்ன செய்கிறது என்கிற படிப்பு. உங்களுக்குப் பக்கத்தில் கோவையிலேயே அவினாசிலிங்கம் பல்கலைக்கழகத்தில் அதற்குத் தனித் துறை இருக்கிறது. 1957இல் பெண்களுக்கான ஹோம் சயின்ஸ் கல்லூரியாகத் தொடங்கி, 1988இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆன இடம். இதே கிளைக்கு வடக்கே குஜராத்தின் பரோடா எம்எஸ் பல்கலைக்கழகமும் டெல்லி லேடி இர்வின் கல்லூரியும் பெயர் பெற்றவை, முதுகலைக்கு அங்கேயும் போகலாம்.

இந்தப் படிப்பில் எனக்குப் பிடித்தது கவனித்து எழுதுகிற பயிற்சி. குட்டிப் பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் மூலையில் உட்கார்ந்து, பார்ப்பதை நோட்டில் எழுத வேண்டும். முதல் மாதம் எல்லோரும் "குழந்தை அம்மாவைத் தேடி ஏங்கியது" என்றுதான் எழுதுவார்கள். டீச்சர் அதை அடித்துவிட்டு, ஏங்கியதை நீ எங்கே பார்த்தாய் என்று கேட்பார். அடுத்த தடவை, "அம்மா கேட்டைத் தாண்டியதும் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டது, கேட்டையே பார்த்தது, பக்கத்துக் குழந்தை நீட்டிய பொம்மையை வாங்கவில்லை" என்று எழுதப் பழகுவார்கள். பார்க்கச் சின்ன வேலை. மேரி ஐன்ஸ்வொர்த் 1950களில் உகாண்டாவில் தாய்மாரையும் கைக்குழந்தைகளையும் இப்படித்தான் வீடு வீடாகப் பார்த்து எழுதினார். பிறகு பால்டிமோரில் இருபது நிமிடச் சோதனை ஒன்றை அமைத்தார்: அம்மா கொஞ்ச நேரம் வெளியே போய்த் திரும்பி வருவாள். அம்மா போகும்போது குழந்தை எவ்வளவு அழுதது என்பதைவிட, திரும்பி வந்ததும் அவளிடம் எப்படிப் போகிறது என்பதுதான் உறவைக் காட்டுகிறது என்று கண்டார். கண் பழகாதவருக்கு அது தெரியாது. மூளையை ஸ்கேன் எடுக்கிறவர்களுக்கும், எந்த நடத்தையை அளக்கிறோம் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டுமே!

இன்னொன்று, நம் ஊர் உறவுமுறை ஆராய்ச்சிக்குக் குறைந்ததல்ல. பிரெண்டா பெக் என்கிற மானுடவியலாளர் 1960களில் காங்கேயம் பக்கத்துக் கிராமத்தில் வந்து தங்கி, நம் சாதி, பங்காளி, மாமன் மச்சான் முறையெல்லாம் எழுதினார், அண்ணன்மார் கதையையும் பாடவைத்துப் பதிவு செய்தார். கடல் தாண்டி வந்து ஒருவர் படித்ததை உங்கள் பெண் பஸ் ஏறிப் போய்ப் படிக்கலாம்.

மூளைப் பக்கம் பிறகு வரும். இளங்கலை முடித்து காக்னிடிவ் சயின்ஸ், அதாவது மனமும் மூளையும் எப்படி வேலை செய்கின்றன என்கிற படிப்பில் முதுகலைக்குப் போகலாம்: அலகாபாத் பல்கலைக்கழகத்தில் 2002இலிருந்து அதற்கென்றே மையம் இருக்கிறது, ஐஐடி காந்திநகரிலும் இருக்கிறது. பல துறைப் பட்டதாரிகளையும் எடுப்பது இந்தத் துறையின் வழக்கம், ஆனாலும் அந்தந்த வருட அறிவிக்கையைப் பார்த்துவிட்டுத்தான் விண்ணப்பம். ஆராய்ச்சிக்கு மானேசரில் தேசிய மூளை ஆராய்ச்சி மையம், பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்கிற மனநல, நரம்பியல் நிறுவனம். கல்லூரி ஆசிரியர் வேலைக்கும் ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) வைக்கிற நெட் தேர்வில் ஹோம் சயின்ஸ் ஒரு பாடம் என்பது பலருக்குத் தெரியாது. அதில் ஜேஆர்எஃப் என்கிற அந்த உதவித்தொகை கிடைத்தால் 2023 திருத்தத்தின்படி மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. பிஎச்டிக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை, அவளுக்குப் பணம் வரும்.

ஆராய்ச்சி வேண்டாம் என்றால் வேலை? குடும்ப நல நீதிமன்றச் சட்டம் 1984லேயே கவுன்சிலர்களுக்கு இடம் வைத்திருக்கிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் சின்னப் பிள்ளைகளின் வளர்ச்சிக் குறையைக் கண்டுபிடிக்கிற மையங்கள், பள்ளிக்கூடங்கள் என்று இடங்கள் இருக்கின்றன. ஆனால் பல வேலைகள் ஒப்பந்த முறைதான், ஆரம்பச் சம்பளம் உங்கள் அண்ணன் யூனிட்டில் மெர்ச்சண்டைசர் வாங்குவதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். முதுகலை முடிக்காமல் நிறுத்தினால் இந்தப் படிப்புக்கு மதிப்பே இல்லை, இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இளங்கலை முடிந்ததும் கல்யாணம் என்று இப்போதே ஜாதகத்தை எடுக்கிற யோசனை இருந்தால் இதில் சேர்க்காதீர்கள். அவள் தன்னை கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்லிக்கொள்ளவும் முடியாது, அதற்கு இந்திய மறுவாழ்வுக் கழகம் அங்கீகரித்த தனிப் படிப்பும் பதிவும் வேண்டும். அஞ்சல் வழியில் சைக்காலஜி முடித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், 2025இல் யூஜிசி அதை நிறுத்தச் சொல்லிவிட்டது.

பிள்ளையிடம் ஒன்றுதான் கேட்க வேண்டும், நான் போனில் பேசும்போதும் அதையே கேட்பேன்: கண்ணு, புள்ளியியல் பிடிக்குமா? குடும்பத்தைப் படித்தாலும் சரி, மூளையைப் படித்தாலும் சரி, கடைசியில் எண்களோடுதான் உட்கார வேண்டும். கணக்கு என்றாலே கை நடுங்குகிறது என்றால், மூளை ஆராய்ச்சி ஆசையைக் கொஞ்சம் தள்ளிவைத்து, குடும்ப ஆலோசனைப் பக்கம் போகலாம். அதைச் சொல்ல வேண்டியது அவள், மாமனோ அப்பாருவோ நானோ இல்லை.

அறிவிக்கை வந்ததும் ஒரு நாள் அவினாசிலிங்கத்தில் அந்தத் துறைக்கே நேரில் போங்கள், பெண்ணையும் கூட்டிக்கொண்டு. அரசு உதவி பெறும் பிரிவா, சுயநிதியா என்று முதல் கேள்வியாகக் கேளுங்கள், கட்டணம் அதைப் பொறுத்து மாறும். முதுகலை மாணவிகள் கடந்த வருடம் எங்கே பயிற்சிக்குப் போனார்கள் என்று ஆபீசில் கேட்காதீர்கள், அந்த மாணவிகளையே கேளுங்கள். தினமும் பஸ்ஸில் போய் வந்துவிடலாம் என்று வீட்டில் சொல்வார்கள். கவுந்தப்பாடியிலிருந்து அது நடக்காது, ஹாஸ்டலுக்கும் சேர்த்தே விண்ணப்பம் போடுங்கள்.