கன்சோலின் விலையும் வேகமும்: கேள்வி பதில்

கேள்வி: புதிய கேம் கன்சோல் ஒன்றை உருவாக்கும்போது முதலில் முடிவாவது சிப்பா, விலையா?

பதில்: பெரும்பாலும் விலைதான். கணினி வாங்குபவர் தம் கையிருப்புக்கு ஏற்பப் பாகங்களைப் பொறுக்கிக்கொள்ளலாம்; கன்சோலோ ஏழெட்டு ஆண்டுகளுக்கு ஒரே பெட்டியாக, லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போக வேண்டியது. ஆகவே, கடையில் 399 டாலர் என்று முதலில் எழுதிவைத்துவிட்டு, அதற்குள் எந்தப் பாகத்துக்கு எவ்வளவு ஒதுக்கலாம் என்று பின்னோக்கிக் கணக்குப் போடுவதே இத்தொழிலின் வழக்கம்.

கேள்வி: அப்படியானால் சோனியின் பிளேஸ்டேஷன் 3 ஏன் அவ்வளவு விலைக்கு வந்தது?

பதில்: அங்கே அந்தக் கணக்கு தலைகீழாயிற்று. 2006 நவம்பரில் அமெரிக்காவில் அதன் 60 ஜிபி பெட்டி 599 டாலருக்கு விற்கப்பட்டது. அதைப் பிரித்துப் பார்த்த ஐசப்ளை ஆய்வு நிறுவனம் அடக்கவிலையை ஏறக்குறைய 840 டாலர் என மதிப்பிட்டது. ஐபிஎம், டோஷிபா ஆகியவற்றோடு சேர்ந்து உருவாக்கிய ‘செல்’ என்ற முதன்மைச் செயலிச் சிப், அப்போதுதான் சந்தைக்கு வந்திருந்த, துல்லியமான திரைப்பட வட்டுகளையும் ஓட்டும் ப்ளூ-ரே டிரைவ் என இரண்டு விலையுயர்ந்த புதுச்சரக்குகளை சோனி ஒரே பெட்டியில் ஏற்றியது. போதாக்குறைக்கு, பழைய கேம்கள் ஓட வேண்டும் என்பதற்காக பிளேஸ்டேஷன் 2-இன் சிப்களையும் உள்ளே வைத்தது. பாகங்கள் மலிந்து, மெலிந்த வடிவம் 299 டாலருக்கு வருவதற்கு 2009 ஆகிவிட்டது.

கேள்வி: நட்டத்திற்கு விற்றால் பணம் எங்கிருந்து திரும்பும்?

பதில்: விற்கப்படும் ஒவ்வொரு கேமிலும் கன்சோல் நிறுவனத்துக்கு ஒரு பங்கு உண்டு, சந்தா வேறு. ஒரே ஒரு கேம் வாங்கிவிட்டுப் படம் மட்டும் பார்ப்பவரிடம் இந்தக் கணக்கு எடுபடாது.

கேள்வி: பிளேஸ்டேஷன் 5-இன் கிராபிக்ஸ் சிப்பில் 40 கணிப்புப் பிரிவுகள் (படத்தைக் கணக்கிட்டு வரையும் சிறு பகுதிகள்) இருந்தும் 36 மட்டுமே இயங்குகின்றன என்கிறார்கள். இது ஏமாற்று இல்லையா?

பதில்: இல்லை, சிக்கனம். ஒரு சிலிக்கான் தட்டில் பல சிப்கள் ஒன்றாகச் செதுக்கப்படுகின்றன. தட்டின் விலையை நல்ல சிப்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவதே ஒரு சிப்பின் அடக்கவிலை. நுண்ணிய பழுது ஒன்று ஏதோ ஒரு பிரிவில் விழுந்தால் முழுச் சிப்பையும் குப்பையில் போடுவதைவிட, எல்லாச் சிப்பிலும் நான்கு பிரிவுகளை முடக்கிவிடுவது என்று முன்பே தீர்மானித்துக்கொண்டால், கழிக்க வேண்டிய சரக்கில் பெரும்பகுதி விற்பனைக்குத் தேறிவிடுகிறது. செல் சிப்பிலும் எட்டுத் துணைச் செயலிகளில் ஒன்றை இதே காரணத்துக்காக அணைத்தார்கள்.

கேள்வி: பிளேஸ்டேஷன் 4 மட்டும் 399 டாலரில் எப்படிச் சாத்தியமாயிற்று?

பதில்: எனக்குப் பிடித்த உதாரணம் அதுதான். தலைமை வடிவமைப்பாளர் மார்க் செர்னியின் குழு புதுமைச் சிப்பைக் கைவிட்டு, ஏஎம்டி என்ற சிப் நிறுவனத்தின் சாதாரண, சற்று மந்தமான செயலிக் கோர்களை எடுத்துக்கொண்டு, மிச்சப்பட்ட பணத்தை நினைவகத்தில் கொட்டியது. வேகமான ஜிடிடிஆர்5 நினைவகம் 8 ஜிபி. மின்சுற்றுப் பலகையின் இரு பக்கமும் எட்டெட்டாக 16 நினைவகச் சிப்கள். கேமராவைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தனியே விற்றார்கள். போட்டியாளரான மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் ஒன், கைனெக்ட் கேமராவோடு சேர்த்து 499 டாலர்; மலிவான டிடிஆர்3 நினைவகத்தின் வேகக்குறைவை ஈடுகட்ட, முதன்மைச் சிப்புக்குள்ளேயே 32 எம்பி தனி நினைவகம் வைத்ததால், கிராபிக்ஸுக்குப் போயிருக்க வேண்டிய இடத்தை அது விழுங்கிவிட்டது. அதிக விலை, குறைந்த வேகம்! 2014 ஜூனில் கைனெக்ட் இல்லாத பெட்டியை மைக்ரோசாஃப்ட் 399 டாலருக்கு இறக்கியது. சோனியோ 2015-இல், இருமடங்கு கொள்ளளவு கொண்ட நினைவகச் சிப்கள் கிடைத்ததும் 16-ஐ எட்டாகக் குறைத்தது. மின்செலவும் எடையும் சேர்ந்தே குறைந்தன. பின்னாளில் மலியக்கூடிய பாகத்தில் தாராளம் காட்டுவதே கெட்டிக்காரத்தனம் என்பேன்.

கேள்வி: விலைக்கொன்றாக இரண்டு பெட்டிகள் வெளியிடுவது நல்ல வழியல்லவா?

பதில்: பாதி நல்லது. 2020-இல் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் 499 டாலருக்கும் சீரிஸ் எஸ் 299 டாலருக்கும் வந்தன. கிராபிக்ஸ் வலு மூன்றில் ஒரு பங்கானாலும் படத்தின் துல்லியத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். ஆனால் நினைவகம் 16-லிருந்து 10 ஜிபி ஆனதே சிக்கல். கேமின் உலகத்தையே தாங்கும் இடம் அது. பால்டர்ஸ் கேட் 3 என்ற கேமின் எக்ஸ்பாக்ஸ் பதிப்பு, ஒரே திரையைப் பகிர்ந்து இருவர் ஆடும் வசதியை சீரிஸ் எஸ்-இல் கொண்டுவர முடியாமல் தாமதமாகி, சீரிஸ் எஸ்-இல் மட்டும் அந்த வசதி இல்லாமலேயே 2023 டிசம்பரில் வந்தது.

கேள்வி: சில ஆண்டுகள் பொறுத்தால் விலை இறங்குமா?

பதில்: முன்பு தயங்காமல் ஆம் என்றிருப்பேன். சிப்பைச் சிறிதாக்கினால் செலவும் இறங்கிய காலம் அது. இப்போது நவீனத் தட்டுகளின் விலையே ஏறிவிட்டதால் அந்தச் சேமிப்பு மிகவும் சுருங்கிவிட்டது. 2020-இல் 499 டாலராக இருந்த பிளேஸ்டேஷன் 5, 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் 549 டாலர் ஆனது. நீங்கள் ஆட விரும்பும் கேம்கள் ஏற்கெனவே வந்திருந்தால், விலை இறங்கட்டும் என்பதற்காக மட்டும் காத்திருக்காதீர்கள்.